ஆமை புகுந்த வீடு! நட்சத்திர ஆமை வளர்த்தால் 7 வருடம் வரை ஜெயில்

கறுப்பு ஓடு. அதன் மேல் யாரோ பார்த்துப் பார்த்து வரைந்த மாதிரி மஞ்சள் கோடுகள். உள்ளங்கையில் வைத்தால் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கும். குரைக்காது, பிறாண்டாது, முடி கொட்டாது. போதாததற்கு, 'வீட்டில் வைத்தால் பணம் கொட்டும்' என்று வேறு யாரோ கிளப்பிவிட்டார்கள். கேட்க வேண்டுமா? நட்சத்திர ஆமைக்கு உலகம் முழுக்க ஏக கிராக்கி!

அந்த கிராக்கிதான் ஆமைக்கு எமனாக வந்து நிற்கிறது. உலகத்தில் அதிகமாக கடத்தப்படும் ஆமைகளில் முன்வரிசையில் இருப்பது நம்ம ஊர் நட்சத்திர ஆமைதான். ஆசைப்பட்டு வாங்கி வளர்ப்பவர்களில் பலருக்கு அது ஜாமீன் தேடி அலைய வைக்கும் குற்றம் என்பதே தெரிவதில்லை.

முள்ளுக்காட்டு வாசி

குளத்திலும் கிணற்றிலும் கிடக்கிற ஆமை வேறு, இது வேறு. நட்சத்திர ஆமை தரையில் வாழும் ஜீவன். இந்தியா, இலங்கை, பாகிஸ்தான் ஆகிய 3 நாடுகள்தான் அதற்கு சொந்த ஊர். இந்தியாவில் குஜராத், ராஜஸ்தான் பக்கம் ஒரு கூட்டம். தமிழ்நாடு, ஆந்திரா, கர்நாடகா பக்கம் இன்னொரு கூட்டம். அடர்ந்த காடெல்லாம் அதற்கு வேண்டாம். முட்புதர், புல்வெளி, வயலோரம் இருந்தால் போதும்.

1795-ம் ஆண்டு ஷோஃப் என்ற ஜெர்மன் விஞ்ஞானி இதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது 'எலிகன்ஸ்' என்றார். அழகானது என்று அர்த்தம். ஆனால் அந்தக் கோடுகள் அழகு காட்டுவதற்காக வந்தவை அல்ல. காய்ந்த புல்லுக்கு நடுவே வெயிலும் நிழலும் கலந்து விழும்போது, ஆமை எங்கே இருக்கிறது என்று பக்கத்தில் போனால்கூட கண்ணுக்குத் தெரியாது. நரி, பருந்து கண்ணில் மண்ணைத் தூவும் வேஷம் அது. அதே வேஷம் மனுஷன் கண்ணைப் பறித்ததுதான் வினை.

காலையிலும் சாயங்காலமும் மேயும். வெயில் ஏறினால் புதருக்குள் ஒதுங்கிவிடும். புல், இலை, பூ, கீழே விழுந்த பழம் இவைதான் முக்கிய சாப்பாடு. மழைக்காலம் வந்தால் ரொம்ப சுறுசுறுப்பு. இனச்சேர்க்கையும் அப்போதுதான்.

இந்த இனத்தில் ஆணைவிட பெண்தான் பெரிசு. நன்றாக வளர்ந்த பெண் ஆமை ஒரு அடி நீளத்தைக்கூட தொடும். ஆண் ஆமையின் வயிற்றுப்பக்க ஓடு கொஞ்சம் குழிந்திருக்கும், வாலும் நீளம். பெண் ஆமை மண்ணை சிறுநீரால் நனைத்து, இளக்கி, பின்னங்காலால் குழி தோண்டி முட்டையிடும். ஒரு தடவைக்கு 10 முட்டை வரை இருக்கும். குஞ்சு வெளியே வர மாதக்கணக்கில் ஆகும். ஆணா, பெண்ணா என்பதை முடிவு செய்வது மண்ணின் சூடு. சூடு கூடினால் பெண் குஞ்சு.

கவிழ்த்தால் எழுந்துவிடும்

சாதாரணமாக ஆமையை மல்லாக்கப் போட்டால் அதன் கதை கந்தல். நட்சத்திர ஆமை அப்படி இல்லை. கூம்பிய ஓட்டின் உதவியால் உருண்டு, புரண்டு நிமிர்ந்துவிடும்.

2006-ல் ஹங்கேரி நாட்டு கணித நிபுணர்கள் இருவர், எப்படிப் போட்டாலும் தானாக ஒரே நிலைக்கு வந்து நிற்கும் 'கோம்போக்' என்ற உருவத்தை உருவாக்கினார்கள். உள்ளே ஈயக்குண்டு எதுவும் கிடையாது, வடிவம் மட்டும்தான். அப்புறம் அவர்கள் ஆமை ஓடுகளை அளந்து பார்த்தபோது, அந்த வடிவத்துக்கு மிக நெருக்கமாக இருந்தவற்றில் நம்ம நட்சத்திர ஆமையும் ஒன்று! கணக்கு வாத்தியார்கள் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயத்தை முட்புதரில் மேயும் ஆமை முதுகில் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறது.

சூட்கேசில் போகும் ஆமைகள்

கவிழ்த்தால் எழுந்துவிடும் ஆமையால், பிளாஸ்திரி போட்டு சுற்றினால் என்ன செய்ய முடியும்? கடத்தல்காரர்கள் தலை, கால்களை உள்ளே தள்ளி டேப் ஒட்டிவிடுகிறார்கள். துணியில் சுற்றி, சூட்கேசில் அடுக்கி விமானத்தில் ஏற்றுகிறார்கள். சோறில்லை, தண்ணீர் இல்லை. போய்ச் சேருவதற்குள் பல செத்துப்போகும்.

2015-ல் வெளியான ஆய்வு ஒன்று அதிர்ச்சியைக் கிளப்பியது. தென்னிந்தியாவில் ஒரே ஒரு வியாபார மையத்துக்காக மட்டும் வருடத்துக்கு குறைந்தது 55 ஆயிரம் நட்சத்திர ஆமைகள் காட்டிலிருந்து பிடிக்கப்படுவதாக அது சொன்னது. பிடித்துக் கொடுக்கும் ஏழை கிராமத்துக்காரருக்கு கிடைப்பது சொற்ப காசு. வெளிநாட்டில் அதையே பல மடங்கு விலைக்கு விற்று சம்பாதிப்பது வேறு ஆள்.

சென்னை விமான நிலையத்தில் இந்த ஆமைகள் சிக்குவது புதிதல்ல. 2022-ல் 'உயிர் நண்டு' என்று கணக்கு காட்டி தாய்லாந்துக்கு அனுப்ப இருந்த சரக்கைப் பிரித்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட நட்சத்திர ஆமைகள் இருந்தன. பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில் 2019 மார்ச்சில் கேட்பாரற்றுக் கிடந்த 4 சூட்கேஸ்களில் 1,529 ஆமைகள். அந்தக் குவியலிலும் நட்சத்திர ஆமை இருந்தது.

வீட்டில் என்ன ஆகும்?

'நாங்க நல்லாத்தான் பாத்துக்குறோம், ஒரு கஷ்டமும் கொடுக்கலை' என்பது வளர்ப்பவர்கள் எல்லோரும் சொல்லும் பதில். கஷ்டம் வெளியே தெரியாது என்பதுதான் பிரச்சினை. நாய் என்றால் முனகும், பூனை என்றால் கத்தும். ஆமை வாயைத் திறக்காது. வியாதி முற்றிய பிறகுதான் ஓடு காட்டிக்கொடுக்கும்.

முதல் எதிரி, வெயில் படாத அறை. சூரிய ஒளியும் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்காவிட்டால் ஓடு இளகிப்போகும், எலும்பு பலம் இழக்கும். அடுத்து, சாப்பாடு. சோறு, பிஸ்கட், பால் எதுவும் அதற்கு ஒத்துக்காது. நார்ச்சத்துள்ள புல், இலையை மேய்வதற்கான குடல் அது. தப்பான தீனி, தப்பான சூழல் இரண்டும் சேர்ந்தால் ஓட்டின் ஒவ்வொரு கட்டமும் கோபுரம் மாதிரி தனித்தனியாகப் புடைத்துக்கொள்ளும். அதைப் பார்த்து 'என்ன அழகு' என்பவர்களும் உண்டு. அது நோய்!

இன்னொரு தப்பு, தொட்டியிலும் கிணற்றிலும் விடுவது. கிணற்றில் ஆமை விட்டால் தண்ணீர் சுத்தமாகும் என்ற நம்பிக்கை கிராமங்களில் உண்டு. நட்சத்திர ஆமைக்கு நீந்தத் தெரியாது. ஆழமான தண்ணீரில் போட்டால் மூழ்கி செத்துவிடும்.

ஆபத்து மனுஷனுக்கும் உண்டு. ஆமைகளின் உடம்பில் 'சால்மோனெல்லா' கிருமி இருக்கலாம். தொட்ட கையை கழுவாமல் வாயில் வைக்கும் குழந்தைகளுக்கு காய்ச்சல், பேதி வரும். இதற்காகவே 4 அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளை விற்க அமெரிக்கா 1975-ல் தடை போட்டது.

சட்டம் என்ன சொல்லுது?

1972-ம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் நட்சத்திர ஆமை ரொம்ப காலம் 4-வது அட்டவணையில் இருந்தது. 2022-ல் வந்த சட்டத்திருத்தம் அதை முதல் அட்டவணைக்கு ஏற்றிவிட்டது. அதாவது புலி, யானை இருக்கிற அதே பட்டியல். பிடித்தாலும், விற்றாலும், வாங்கினாலும் குற்றம். அனுமதியில்லாமல் வீட்டில் வைத்திருந்தாலும் குற்றம்தான். தண்டனை குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 7 வருடம். அபராதம் ரூ.25 ஆயிரத்துக்குக் குறையாது.

சர்வதேச அளவிலும் பிடி இறுகியிருக்கிறது. 2019 ஆகஸ்டில் ஜெனீவாவில் நடந்த 'சைட்டிஸ்' மாநாட்டில் இந்தியா, இலங்கை உள்ளிட்ட நாடுகள் கேட்டுக்கொண்டதன் பேரில், காட்டில் பிடித்த நட்சத்திர ஆமைகளை நாடு விட்டு நாடு விற்பதற்கு தடை விதிக்கப்பட்டது.

விட்டுடலாமா?

ஏற்கனவே வீட்டில் இருந்தால்? 'ராத்திரியோட ராத்திரியா ஏதாவது காட்டுல விட்டுடலாம்' என்று நினைப்பது இரண்டாவது தப்பு. வீட்டில் ஒட்டிக்கொண்ட நோயை அது காட்டு ஆமைகளுக்குப் பரப்பிவிடும். வடமேற்கு ஆமையும் தென்னிந்திய ஆமையும் மரபணுவில் வேறு வேறு பிரிவு. ஊர் மாற்றி விட்டால் பல்லாயிரம் வருடமாக உருவான அந்த வித்தியாசம் கலந்து காணாமல் போகும். அருகில் உள்ள வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் சொல்லி ஒப்படைப்பதே சரி. ரோட்டோரம் தென்பட்டால் எடுத்துக்கொண்டு போகக்கூடாது. வண்டி ஏறும் இடம் என்றால், அது போய்க்கொண்டிருந்த பக்கமே சாலையைத் தாண்டி விட்டால் போதும்.

ஒருமுறை பிடித்துக் கொண்டுபோன ஆமையை ஊர் திருப்புவது லேசுப்பட்ட வேலை இல்லை. 2018 நவம்பரில் சிங்கப்பூரில் மீட்கப்பட்ட 51 நட்சத்திர ஆமைகள் விமானத்தில் பெங்களூருக்குத் திரும்பி வந்தன. அத்தனை பேர் கூடி, அத்தனை செலவு செய்து திரும்பியது 51. பிடிபட்டுப் போனது ஆயிரக்கணக்கில்!

'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது' என்பார்கள் ஊர்ப்பக்கம். அந்தப் பழமொழியால் நம் ஆட்கள் ஆமையை வீட்டுக்குள் சேர்க்காமல் இருந்தார்கள், ஆமையும் பிழைத்துக் கிடந்தது. இப்போது அதிர்ஷ்டம் வரும் என்று காசு கொடுத்து கூட்டி வருகிறார்கள். முன்னால் ஆமை வந்தால், பின்னாலேயே வனத்துறையும் வரும். அமீனாவாவது ஜப்தியோடு போய்விடுவார். இவர்கள் ஆளையே கூட்டிக்கொண்டு போவார்கள்.