கேபிளுக்குள்ளும் முன்னுரிமை

1973இல் செரொக்ஸ் ஆய்வுகூடத்தில் ரொபர்ட் மெட்காஃப் தொடக்கிய ஈதர்நெட்டில் பெரியவர் சிறியவர் கிடையாது. கம்பி சும்மா இருந்தால் அனுப்பலாம். இருவர் மோதினால் விலகி, கொஞ்சம் பொறுத்து மறுபடி அனுப்ப வேண்டும். கோப்புக்கு அது போதும். ஆனால் பிந்தி வந்த கோப்பு கோப்புதான், பிந்தி வந்த சொல் குப்பை. குரலும் அதே கம்பியில் ஏறியபின், 1998இல் 802.1டி தரத்துக்குள் 802.1பி சேர்ந்தது. பொதியில் ஒட்டும் 4 பைட் சீட்டில் 3 பிட் இதற்கு. 0 முதல் 7 வரை 8 படிகள். வேடிக்கை, 1 என்பது 0ஐவிடத் தாழ்ந்தது!

நமது கணினி அறையில் மற்றப் பிள்ளைகள் கோப்பு பிரதிபண்ணும் நேரம் இணைய வகுப்பின் குரல் விக்கியது. அடாப்டரில் முன்னுரிமையைத் திறந்துவிட்டேன், பலனில்லை. நமது சுவிட்ச் அந்தச் சீட்டைப் பார்க்காத மலிவு ரகம். பழைய மாணவர்களே, அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுவோமா?