லேப்டாப் வாரண்டியும் சம்பா நெல்லும்

லேப்டாப் வாங்கினால் "எக்ஸ்டெண்டட் வாரண்டி போடலாமா?" என்கிறார் கடைக்காரர். வேண்டாம் என்றால் விட்டுவிடுவார். எங்கள் குத்தாலம் பக்கத்து விவசாயிக்கு அந்தச் சௌகரியம் வெகுகாலம் இல்லை!

1985-ல் வந்த மத்திய அரசின் பயிர்க் காப்பீட்டில், பயிர்க்கடன் வாங்கினாலே பிரீமியம் கட்டாயம். 1999-லும் 2016-லும் திட்டம் மாறியது, கட்டாயம் மாறவில்லை. 2020-ல்தான் விருப்பப்பட்டவர் சேரலாம் என்றானது.

சரி, சேர்ந்தால் பணம் வருமா? அங்கேதான் சிக்கல். என் வயலில் மகசூல் போனால் மட்டும் போதாது. வருவாய் கிராமம் முழுக்க அறுவடைப் பரிசோதனை செய்து, சராசரி மகசூல் குறைந்திருக்க வேண்டும். பக்கத்து மேட்டு வயல் நன்றாக விளைந்தால் என் பள்ளத்து வயலுக்கு நஷ்டமே இல்லை என்று கணக்கு!

லேப்டாப்பிலும் இதே கேள்விதான்: எந்த நஷ்டத்துக்குப் பணம்? வாரண்டி தயாரிப்புக் குறைக்கு மட்டும். டீ கொட்டினால் வராது, அதற்குத் தனி இன்சூரன்ஸ். நான் அதை மட்டும் எடுத்தேன். (டீ நிறைய குடிப்பவன்!)