கிளம்பு என்றதும் கிளம்பும் பை

மைசூரிலிருந்து ஊட்டிக்குப் போவதென்றால் கடிகாரத்தைப் பார்த்துத்தான் கிளம்ப வேண்டும். நஞ்சன்கூடு, குண்டுலுபேட்டை தாண்டினால் பந்திப்பூர் காடு. யானையும் மானும் வண்டியில் அடிபடக் கூடாது என்று 2009லிருந்து இரவு 9 மணிக்குக் காட்டுச் சாலையை மூடிவிடுகிறார்கள். காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள். குண்டுலுபேட்டையில் பிரிந்து சுல்தான் பத்தேரி போகும் சாலைக்கும் இதே கதைதான். பாவலி வழியாக மானந்தவாடி போகிறவர்கள் பாடு இன்னும் கஷ்டம், மாலை 6 மணிக்கே கேட் விழுந்துவிடும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் காபி குடிக்கும்போது யாராவது "ஊட்டிக்குப் போயிட்டு வரலாமா?" என்று ஆரம்பித்தால், ஏழு மணிக்குள் வண்டி ஊரைத் தாண்டியிருக்க வேண்டும்.

இரண்டு செட் துணியை எடுத்துப் போட ஐந்து நிமிஷம் போதும். நேரத்தைத் தின்பது பிரஷ்ஷும் பேஸ்ட்டும் சோப்பும் சீப்பும்தான். ஒன்று குளியலறையில் இருக்கும், ஒன்று கண்ணாடிக்குக் கீழே, இன்னொன்று பக்கத்து அறையில் பையன் எடுத்துப்போய் வைத்த இடத்தில். இந்தத் தேடலே வேண்டாம் என்று அலமாரியில் ஒரு ஜிப் பவுச்சை எப்போதும் நிரப்பி வைத்திருக்கிற கூட்டம் ஒன்று உண்டு. நானும் அதில் சேர்த்தி.

உல்லாசமாக ஊர் சுற்றத்தான் இந்தப் பை. ஆனால் அதன் பிறப்பில் உல்லாசமே கிடையாது. ஓடித் தப்பியவர்களும் சண்டைக்குப் போனவர்களும் பிழைப்புக்கு வழி தேடியவர்களும் சேர்ந்துதான் இதைக் கட்டியிருக்கிறார்கள்.

முதலில் அது பெட்டியாக இருந்தது. 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பிரபுக்கள் பயணம் போகும்போது வெள்ளிக் கிண்ணம், வாசனைத் திரவியக் குப்பி, தந்தச் சீப்பு எல்லாம் அதனதன் குழியில் உட்காருகிற மரப்பெட்டியைக் கூடவே தூக்கிப் போவார்கள். பிரெஞ்சு ராணி மரி அந்துவானெத்திடமும் ஒன்று இருந்தது. 1791ல் புரட்சிக்காரர்களிடமிருந்து தப்பி ஓடத் திட்டம் போட்டபோது, அந்தப் பெட்டி இல்லாமல் போக முடியாது என்று பிடிவாதம் பிடித்தாள். வேண்டாம், சந்தேகம் வரும் என்று பணிப்பெண் காம்பான் அம்மையார் தடுத்தும் கேட்கவில்லை. பிரஸ்ஸல்ஸில் இருக்கும் அக்காவுக்குப் பரிசு என்று ஒரு சாக்குச் சொல்லி முன்கூட்டியே அனுப்ப ஏற்பாடு செய்தாள். அரண்மனை உடையறையில் வேலை பார்த்த ஒருத்தி இதை மோப்பம் பிடித்துப் போட்டுக்கொடுத்தாள் என்று காம்பான் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். ராஜ குடும்பம் அந்த ஜூன் மாதம் வரேன் என்ற ஊரில் பிடிபட்டது. அவர்கள் பிடிபட்டதற்கு வேறு காரணங்களும் உண்டு, பெட்டியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் சீப்பையும் குப்பியையும் முன்னாலேயே எடுத்துவைத்து, ரகசியத்தையும் வெளியே விட்டவள் என்ற பெயர் அவளுக்கு நிலைத்துவிட்டது.

சாமானியனின் கைக்கு இந்தப் பை வந்தது ராணுவத்தால்தான். 1914ல் தொடங்கிய முதல் உலகப் போரில் விஷவாயு வந்தது. முகமூடி முகத்தோடு ஒட்ட வேண்டுமானால் தாடி இருக்கக் கூடாது. போர் முடியும் தறுவாயில் அமெரிக்க அரசு ஜில்லெட்டிடம் 35 லட்சம் ரேஸர் வாங்கிச் சிப்பாய்களுக்குக் கொடுத்தது. நாவிதரிடம் போய்க்கொண்டிருந்த ஒரு தலைமுறை, தானே சவரம் செய்யப் பழகிக்கொண்டு வீடு திரும்பியது. பல் தேய்க்கும் பிரஷ்ஷின் கதை அடுத்த கட்டம். அதுவரை பன்றி மயிரில் செய்த பிரஷ்தான், ஈரம் லேசில் காயாது, பையில் போட்டு மூடினால் நாற்றமெடுக்கும். 1938ல் ட்யூபான்ட் கம்பெனியின் நைலான் இழையில் பிரஷ் வந்தது. நைலான் சட்டென்று காய்ந்துவிடும். பிரஷ்ஷை மூடி போட்டுப் பையில் வைத்துவிட்டு மறந்துபோகலாம் என்ற சௌகரியம் அன்றைக்குத்தான் பிறந்தது.

இத்தனையையும் போட ஒரு உறை வேண்டுமே. ஜெர்மனியிலிருந்து சிகாகோவில் குடியேறிய சார்லஸ் டோப்பெல்ட் என்ற தோல் தொழிலாளி அதைச் செய்தார். வாய் அகலமாகத் திறக்கும், அடி தட்டையாக உட்காரும், மூடினால் கையடக்கம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்களுக்கு அந்த வகைப் பை கிடைத்ததும், அவர் பெயரின் முதல் பாதியை வைத்தே அங்கே அதை 'டோப் கிட்' என்று அழைக்க ஆரம்பித்துவிட்டார்கள். இன்று மைசூர் தேவராஜ அர்ஸ் ரோட்டுக் கடையில் தொங்குகிற ரெக்சின் பவுச்சுக்கும் அதே அகல வாய், அதே தட்டை அடிதான்.

இனி உள்ளே இருக்கும் சோப்பு. மைசூர்க்காரர்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளும் இடம் இது.

சந்தன மரம் மைசூர் ராஜ்யத்தில் அரசுக்கே சொந்தம். கட்டைகளை ஏலம் விடுவார்கள், கப்பலேறி ஐரோப்பா போகும், எண்ணெய் அங்கேதான் வடியும். ஜெர்மனி பெரிய வாடிக்கையாளர். 1914ல் போர் வந்ததும் கப்பல் நின்றது, கட்டை கிடங்கில் குவிந்தது. கஜானாவுக்குப் பெரிய அடி. மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையாரும் திவான் விசுவேசுவரய்யாவும் எண்ணெயை இங்கேயே காய்ச்சிவிடுவது என்று முடிவெடுத்தார்கள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சட்பரோ, வாட்சன் என்ற இரண்டு பேராசிரியர்கள் காய்ச்சி வடிக்கும் முறையைச் செய்து காட்டினார்கள். 1916ல் பெங்களூரில் ஆலை, மறு வருஷம் மைசூரில் இன்னொன்று. மைசூர் ஆலை இருப்பது மானந்தவாடி ரோட்டில். இன்றைக்கு மானந்தவாடிக்குக் கிளம்புகிறவர்கள் அதன் வாசலைத் தாண்டித்தான் போகிறார்கள்.

எண்ணெய் கையில் வந்தபின் சோப்பு. சந்தன எண்ணெயில் செய்த சோப்புப் பெட்டியொன்று வெளிநாட்டிலிருந்து மகாராஜாவுக்குப் பரிசாக வந்தது, அதைப் பார்த்துத்தான் யோசனை பிறந்தது என்று சொல்வார்கள். நம் கட்டையை அவன் வாங்கிப்போய் நமக்கே சோப்பாக அனுப்பினால் எந்த ராஜாவுக்கும் உறைக்கத்தான் செய்யும். சோசலே கரளபுரி சாஸ்திரி என்ற இளம் வேதியியலாளரை அரசு இங்கிலாந்துக்கு அனுப்பிப் படிக்க வைத்தது. அவர் திரும்பி வந்து பெங்களூரில் சோப்பு ஆலையைக் கட்டினார். ஊரே அவரை 'சோப்பு சாஸ்திரி' என்றது. மற்ற சோப்பெல்லாம் செங்கல் மாதிரி இருந்த காலத்தில் அவர் முட்டை வடிவத்தைத் தேர்ந்தெடுத்தார். நகைப்பெட்டி போல ஒரு அட்டைப்பெட்டி, அதன்மேல் யானைத் தலையும் சிங்க உடலும் கொண்ட சரபம். பெட்டியைத் திறந்தால் உள்ளே மெல்லிய தாளில் சுற்றிய சோப்பு, தாளைப் பிரிக்கும் முன்பே வாசனை வந்துவிடும். 2006ல் இந்த மைசூர் சாண்டல் சோப்புக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஷாம்பு பிறந்த ஊர் கடலூர். அதாவது, பைக்குள் போடத் தோதான ஷாம்பு. சின்னிகிருஷ்ணன் என்பவர் பவுடரையும் எப்சம் உப்பையும் சிறு பொட்டலமாக்கி விற்றுக்கொண்டிருந்தார். பணக்காரன் வாங்குவதைக் கூலிக்காரனும் வாங்கும்படி சின்னதாக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அவர் மறைவுக்குப் பிறகு பிள்ளைகள் வெல்வெட் ஷாம்புவை சாஷேயில் விற்றார்கள். அவர்களில் ஒருவரான சி.கே. ரங்கநாதன் 1983ல் குடும்பத் தொழிலிலிருந்து பிரிந்து, 15,000 ரூபாய் முதலோடு 'சிக்' ஷாம்பு ஆரம்பித்தார். காலி சாஷே ஐந்தைக் கொண்டுவந்தால் ஒரு சிக் சாஷே இலவசம் என்று அறிவித்தார், முதலில் எந்தக் கம்பெனி சாஷேயானாலும் சரி என்று. ஜனங்கள் குப்பையைக் கிளறிக் காலி உறை பொறுக்கினார்கள். சிக் எல்லாக் கடைக்கும் போய்ச் சேர்ந்தபின், சிக் உறை மட்டும்தான் செல்லும் என்று விதியை மாற்றினார். நாட்டின் எல்லாப் பெட்டிக்கடையிலும் சாஷேச் சரம் தொங்க ஆரம்பித்தது. பயணம் போகிறவர்களை மனதில் வைத்து யாரும் இதைச் செய்யவில்லை. ஆனால் முழு பாட்டிலைத் தூக்க வேண்டாம், மூடி கசியுமோ என்ற கவலையும் இல்லை. பல்லால் ஓரத்தைக் கிழித்து, தீர்ந்ததும் உறையை எறிந்துவிடலாம்.

கடைசியாக வந்தது 100 மில்லி. 2006 ஆகஸ்டில் லண்டனிலிருந்து கிளம்பும் விமானங்களைத் திரவ வெடிமருந்தால் தகர்க்கச் சதி என்று போலீஸ் ஆட்களைப் பிடித்தது. அந்த நவம்பரில் ஐரோப்பாவில் 100 மில்லிக்கு மேல் எந்தத் திரவமும் கைப்பையில் வரக் கூடாது என்றார்கள், மற்ற நாடுகளும் பின்தொடர்ந்தன. கண்ணுக்குத் தெரிகிற பிளாஸ்டிக் பை கட்டாயமாயிற்று. விமானமே ஏறாதவர்களின் பவுச்சும் இன்று கண்ணாடிபோல் இருப்பது அந்த பயத்தின் மிச்சம். எது தீர்ந்திருக்கிறது என்று ஜிப்பைத் திறக்காமலே தெரிவதால் எனக்கு இதில் புகார் இல்லை.

ஊட்டிக்குக் கட்டும் பவுச்சில் மட்டும் ஒரு விசேஷ எச்சரிக்கை. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைய ஆரம்பிக்கும். குறுகிய வாய் உள்ள குட்டி பாட்டிலில் ஊற்றிக்கொண்டு போனால் மார்கழி விடியற்காலையில் ஒரு சொட்டு வெளியே வராது. அகல வாய் டப்பாவாக இருந்தால் விரலால் வழித்துக்கொள்ளலாம். நனைந்த சோப்பைத் திரும்பக் கொண்டுவருவதும் வம்புதான், பவுச் முழுக்கக் கொழகொழவென்றாகிவிடும். இதற்கு எங்கள் பக்கத்து அத்தைகள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: லாட்ஜில் சும்மா கொடுக்கிற சின்ன சோப்பில் குளித்துவிட்டு, மைசூர் சாண்டலைப் பிரிக்காமலே திரும்பக் கொண்டுவந்து பீரோவில் பட்டுப்புடவைக்கு நடுவில் வைத்துவிடுவார்கள், அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும்.