600059 (எண்)

600059 ஓர் ஒற்றைப்படை முழு எண். கிழக்குத் தாம்பரத்தின் பின்கோடாகத்தான் பலருக்கும் இது பழக்கம். 1937இல் நகரிலிருந்து தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் முகவரியும் இதில்தான் முடிகிறது. ரயில் பாதையைக் கடந்து மேற்கே போனால் 600045. பின்கோடு முறை 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. அதில் 600 என்பது சென்னையையும், கடைசி மூன்று இலக்கங்கள் அஞ்சலகத்தையும் குறிக்கும்.

இந்த எண்ணைப் பார்த்தால் பகா எண் போலத் தோன்றும். 2, 3, 5, 7 என்று பகா எண்களால் வரிசையாக வகுத்துப் பார்ப்பவருக்கு நூறு முறை மீதி வரும். 101ஆவது பகா எண்ணான 547 வந்த பிறகே மீதியின்றி வகுபடும்: 600059 = 547 × 1097. இரண்டுமே பகா எண்கள். ஆகவே 1, 547, 1097, 600059 என நான்கே காரணிகள். அவற்றின் கூட்டுத்தொகை 601704.

பெர்மாவின் முறையில் வேலை பாதியாகக் குறையும். 775 தொடங்கி ஒவ்வோர் எண்ணின் வர்க்கத்திலிருந்தும் 600059ஐக் கழித்து, மிச்சம் ஒரு முழு வர்க்கமா என்று பார்க்க வேண்டும். 48ஆவது முயற்சியில் 822² − 275² கிடைக்கிறது. 822இலிருந்து 275ஐக் கழித்தால் 547, கூட்டினால் 1097.

இவற்றைவிட அழகான வழி பக்கத்து எண்ணில் இருக்கிறது. 1 முதல் 1095 வரை கூட்டினால் 600060. அதாவது அது 1095ஆவது முக்கோண எண். எந்த முக்கோண எண்ணிலிருந்தும் ஒன்றைக் கழித்தால் வருவது, அதன் வரிசை எண்ணில் ஒன்று குறைத்ததையும் இரண்டு கூட்டியதையும் பெருக்கியதில் பாதி. இங்கே அது 1094 × 1097 இன் பாதி, அதாவது 547 × 1097. ஒருமுறைகூட வகுக்காமல் காரணிகள் கைக்கு வந்துவிடுகின்றன. மூன்றாவதைத் தாண்டிய எந்த முக்கோண எண்ணுக்கும் ஒன்று குறைவான எண் பகா எண்ணாக இருக்க முடியாது என்பதும் இதிலிருந்தே தெரியும்.

நான்காம் படிகளின் கூட்டுத்தொகையாகவும் இதை எழுதலாம்: 27⁴ + 16⁴ + 7⁴ + 5⁴, அவற்றோடு மூன்று 2⁴, எட்டு 1⁴. மொத்தம் 15 உறுப்புகள். ஒரு முழு எண்ணின் நான்காம் படியை 16ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 1தான் வரும். 600059ஐ வகுத்தால் மீதி 11. எனவே 11 உறுப்புகளுக்குக் குறைந்து எழுதவே முடியாது. எந்த இயல் எண்ணுக்கும் 19 நான்காம் படிகள் போதும் என்பதை 1986இல் ஆர். பாலசுப்ரமணியன், தேசூயேர், திரெஸ் ஆகிய மூவரும் நிறுவினர். பாலசுப்ரமணியன் பின்னர் தென்சென்னைத் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர்.

அக்கம்பக்கத்தில், மேற்குத் தாம்பரத்தின் 600045 = 3 × 5 × 109 × 367. பல்லாவரத்தின் 600043 பகா எண். 600059க்கு முந்தைய பகா எண் 600053, அடுத்தது 600071. சேலையூரின் பின்கோடான 600073உம் பகா எண்ணே. அது 600071உடன் சேர்ந்து இரட்டைப் பகா எண்ணாக அமைகிறது.