கழிவுநீர்க் கசடிலிருந்து பாஸ்பரஸ் மீட்பு (வெப்ப முறை)

கழிவுநீரைச் சுத்திகரித்தபின் தங்கும் கசடை எரித்து, அந்தச் சாம்பலில் உள்ள பாஸ்பரஸை உரமாகவோ பாஸ்பாரிக் அமிலமாகவோ மீட்கும் முறை. பயிருக்கு மணிச்சத்து தரும் பாஸ்பரசுக்கு மாற்று கிடையாது. பாறைப் பாஸ்பேட்டின் உலக இருப்பில் ஏறத்தாழ 70 விழுக்காடு மொராக்கோவிலும் மேற்கு சஹாராவிலும் உள்ளது. பாஸ்பேட்டுக்கு இறக்குமதியை நம்பியிருக்கும் ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஜப்பான் ஆகிய நாடுகள் இம்முறையில் முன்னின்றன.

தொடக்கம்

1669இல் ஹாம்பர்க் நகர ரசவாதி ஹென்னிங் பிராண்ட், சிறுநீரை வற்றக் காய்ச்சிக் கடுஞ்சூட்டில் வறுத்துப் பாஸ்பரஸைக் கண்டறிந்தார். பின்னர் எலும்பும், 19ஆம் நூற்றாண்டில் பாறைப் பாஸ்பேட்டும் மூலப்பொருள்களாயின. 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஐரோப்பிய ஏரிகளில் பாஸ்பரஸ் மிகுந்து பாசி மண்டியதால், கழிவுநீரில் இரும்பு, அலுமினிய உப்புகளை இட்டுப் பாஸ்பரஸைப் படிய வைத்தனர். அது கசடில் சேர்ந்தது. கசடை வயலுக்கு உரமாக இடுவது வழக்கமாக இருந்தது. கன உலோகங்களும் நச்சுப் பொருள்களும் மண்ணில் சேரும் என்ற அச்சத்தால் இவ்வழக்கம் குறைந்தது. சுவிட்சர்லாந்து 2006இல் முற்றிலும் தடை செய்தது. கசடை எரிப்பது பெருகியது.

எரிப்பும் சாம்பலும்

காற்றை ஊதிக் கொந்தளிக்க வைத்த மணல் படுகையில், ஏறத்தாழ 850 பாகை செல்சியசில் கசடு எரிகிறது. கிருமிகளும் கரிமப் பொருள்களும் அழிந்தாலும் பாஸ்பரஸ் ஆவியாவதில்லை, சாம்பலிலேயே செறிகிறது. இரும்பு உப்பு இட்ட நிலையங்களின் சாம்பல் செங்கல் பொடி போலச் சிவந்திருக்கும். நிலக்கரி அனல்மின் நிலையத்திலோ சிமெண்ட் சூளையிலோ கசடைக் கலந்து எரித்தால் பாஸ்பரஸ் நீர்த்துப்போய் மீட்க முடியாததாகிவிடும். எனவே கசடை மட்டும் தனியே எரிக்கும் உலைகள் இதற்கு அடிப்படையாயின. ஹாம்பர்க்கில் அத்தகைய ஆலை 1997 முதல் இயங்குகிறது.

மீட்பு முறைகள்

சாம்பலை அப்படியே வயலில் இடுவதில் இரு தடைகள் உள்ளன: அதில் கன உலோகங்கள் இருக்கும், பாஸ்பரஸும் வேர் எளிதில் உறிஞ்ச முடியாத சேர்மமாக இறுகியிருக்கும். பெர்லினின் பொருளாய்வு நிறுவனமான பாம் பங்கேற்ற ‘சூசன்’ என்னும் ஐரோப்பியத் திட்டம் (2005–2008) இதற்குத் தீர்வு தேடியது. கால்சியம் அல்லது மக்னீசியம் குளோரைடைச் சாம்பலுடன் கலந்து ஏறத்தாழ 1000 பாகைக்குச் சூடேற்றினால், காட்மியம், ஈயம், துத்தநாகம் ஆகியவை குளோரைடுகளாக ஆவியாகும். குரோமியமும் நிக்கலும் பெரும்பாலும் தங்கிவிடும். பின்வந்த முறையில் குளோரைடுக்குப் பதிலாகச் சோடியம் உப்புகள் சேர்க்கப்பட்டன. இதில் உருவாகும் சோடியம் கால்சியம் பாஸ்பேட்டைப் பயிர் எளிதில் ஏற்கும்.

நெதர்லாந்தின் தெர்ம்பாஸ் நிறுவனம் மின்னுலையில் பாறையுடன் கசடுச் சாம்பலையும் இட்டு வெண்பாஸ்பரஸ் எடுத்தது. சாம்பலில் இரும்பு மிகுந்தால் பாஸ்பரஸ் அதனுடன் கலந்து வீணாகும் என்பதால், இரும்பு குறைந்த சாம்பலே அதற்கு ஏற்றது. அந்நிறுவனம் 2012இல் நொடித்துப்போனது. எரித்த சாம்பலை அமிலத்தில் கரைத்துப் பாஸ்பாரிக் அமிலம் எடுக்கும் வழியை ஹாம்பர்க்கும், காரத்தில் கரைத்துப் பிரிக்கும் வழியை ஜப்பானின் கிஃபு நகரமும் மேற்கொண்டன.

சட்டங்கள்

2008இல் பாஸ்பேட் விலை பன்மடங்கு ஏறியது. ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் பாறைப் பாஸ்பேட்டை இன்றியமையா மூலப்பொருள்கள் பட்டியலில் சேர்த்தது. சுவிட்சர்லாந்தின் 2016 விதிமுறை பத்தாண்டு அவகாசம் தந்து மீட்பைக் கட்டாயமாக்கியது. ஜெர்மனியின் 2017 ஆணைப்படி, 1,00,000 பேருக்கு நிகரான கொள்ளளவை மிஞ்சும் நிலையங்கள் 2029 முதலும், 50,000ஐ மிஞ்சுபவை 2032 முதலும் பாஸ்பரஸை மீட்க வேண்டும். உலர்கசடின் ஒரு கிலோவில் 20 கிராமோ அதற்கு மேலோ பாஸ்பரஸ் இருந்தால் இக்கடமை பொருந்தும். சாம்பலிலிருந்து எடுப்பதாயின் குறைந்தது 80 விழுக்காட்டை மீட்க வேண்டும். மீட்பு ஆலை அமையும் வரை சாம்பலைப் பிற கழிவுகளுடன் கலக்காமல் தனியே சேமித்து வைக்கவும் ஆணை இடம் தருகிறது.