திருப்பு விசையும் ஒரு பிரெஞ்சுச் சொல்லும்

சென்ற மாதம் அக்கா பேரனின் பனியன் கம்பெனிக்குப் போயிருந்தேன். முன்பெல்லாம் தையல் ஹாலுக்குள் நுழைந்தால் கிளட்ச் மோட்டார்களின் உறுமல் காதை அடைக்கும். டெய்லர் தைக்காமல் துணியை மடித்துக்கொண்டிருந்தாலும் மோட்டார் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். கரண்ட் பில்லும் ஏறும். இப்போது மிதித்தால் சுற்றுகிறது, காலை எடுத்தால் நிற்கிறது. சத்தம் வெகுவாகக் குறைந்துவிட்டது. "இது சர்வோ மோட்டாருங்க தாத்தா, டி.சி. வகை" என்றான்.

எனக்குக் காரைக்கால் பள்ளி ஞாபகம் வந்தது. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். திருப்பு விசையை, அதாவது 'டார்க்' என்பதைப் பிரெஞ்சில் 'கூப்ல்' என்பார்கள். ஜோடி என்று பொருள். கணவன் மனைவிக்கும் அதே சொல்தான். எதிரெதிராகத் தள்ளும் இரண்டு விசைகளை இப்படி ஜோடியாகப் பார்க்கும் கணக்கை 1803-இல் தன் நூலில் விளக்கியவர் லூயி புவான்சோ.

டி.சி. மோட்டாருக்குள் நடப்பதும் அதுதான். காந்தத்தின் நடுவே கம்பிச்சுருள். அதன் ஒரு பக்கத்தில் மின்சாரம் போகிறது, மறுபக்கத்தில் திரும்பி வருகிறது. எனவே காந்தம் ஒரு பக்கத்தை மேலேயும் மறுபக்கத்தைக் கீழேயும் தள்ளுகிறது. இரு விரலால் குழாயைத் திருகுவது போல.

இந்த மோட்டாருக்குப் பலம் அதிகம் கிளம்பும்போதுதான். சுற்றத் தொடங்கியதும் சுருளிலேயே ஓர் எதிர் மின்னழுத்தம் உண்டாகி மின்சாரத்தைக் குறைக்கும், விசையும் குறையும். சுமையால் வேகம் தளர்ந்தால் இரண்டும் மறுபடி கூடும். மேட்டில் தம் கட்டி இழுக்கும் காங்கேயம் காளை மாதிரி.

1873 வியன்னா கண்காட்சியில், கிராம் என்பவர் செய்த டைனமோவுக்கு இன்னொன்றிலிருந்து மின்சாரம் கொடுத்ததும் அது மோட்டாராகச் சுற்றியது. 1895-இல் சென்னையில் மின்சார டிராம் ஓடியது. 1931-இல் கடற்கரை-தாம்பரம் மின்சார ரயில் வந்தது. நிறைந்த வண்டியை நின்ற இடத்திலிருந்து கிளப்ப டி.சி. மோட்டார்தான் தோதாக இருந்தது.

ஆனால் 1932-இல் பைக்காராவிலிருந்து நம் பக்கம் வந்தது ஏ.சி. மின்சாரம். மின்னழுத்தத்தை எளிதில் ஏற்றி இறக்கித் தொலைதூரம் அனுப்பலாம். ஏ.சி. மோட்டாரில் தேய்கிற கார்பன் பிரஷும் வேண்டாம். கிணறும் மில்லும் அதற்கே மாறின. கிளட்ச் மோட்டாரும் அந்த இனம்தான்.

சர்வோவில் பிரஷ் கிடையாது. காந்தம் சுற்றுகிறது, எந்தச் சுருளுக்கு எப்போது மின்சாரம் என்பதை ஒரு சிறு எலக்ட்ரானிக் பலகை பார்த்துக்கொள்கிறது. துணி நாலு மடிப்பாகச் சேரும் இடத்தில் மெதுவாகத் தைத்தாலும் ஊசி திணறுவதில்லை.

என் மனைவி பன்னிரண்டு வருடம் அந்தப் பழைய உறுமலில் ஓவர்லாக் அடித்தவள். இன்றும் அவளிடம் நான் உரக்கத்தான் பேசவேண்டும். வீட்டுக்கு வந்து புது மோட்டாரைப் பற்றிச் சொன்னேன். இரண்டு முறை சொன்ன பிறகு, "நம்ம காலத்துல வந்திருக்கலாம்" என்றாள்.