மலைமேல ஒரு வெளிச்சம்: பிரெஞ்சு வயக்காடு முதல் போடி மலை வரை

(ஒலிப்பதிவின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு ஒரு ஊர் மேயர் போட்ட உத்தரவோட ஆரம்பிக்கலாம்.

1954 அக்டோபர். பிரான்ஸின் தெற்கே ஷாத்தோநஃப் தூ பாப் என்ற ஊர். திராட்சைத் தோட்டமும் ஒயினும்தான் அந்த ஊருக்குச் சோறு போடுது. மேயர் லூசியன் ழூன் ஓர் ஆணை பிறப்பிக்கிறார்: எந்த நாட்டைச் சேர்ந்த பறக்கும் தட்டும் இந்த ஊர் எல்லைக்கு மேல பறக்கக் கூடாது, இறங்கக் கூடாது, இங்கிருந்து கிளம்பவும் கூடாது. மீறி இறங்கினா பறிமுதல். சிரிக்காதீங்க, உண்மையான உத்தரவு. இதுல ஊருக்கு நல்ல விளம்பரமும் கிடைச்சது.

ஆனா அந்த வருஷம் இலையுதிர் காலத்துல பிரான்ஸ் முழுக்க விளையாட்டா மட்டும் இல்ல. செப்டம்பர், அக்டோபர் இரண்டு மாசமும் கிராமம் கிராமமா ஆட்கள் வந்து "வயல்ல ஏதோ இறங்குச்சு", "ரயில்பாதையில குள்ளமா ரெண்டு உருவம் நின்னுச்சு" என்று சொல்றாங்க. பத்திரிகைகள் தினமும் அச்சடிக்குது. சின்சனி என்ற ஊர்ல ஒருத்தர், இருட்டுல தன் காரை ரிப்பேர் பார்த்துக்கிட்டிருந்த பக்கத்து வீட்டுக்காரரைச் செவ்வாய்க் கிரகவாசி என்று நினைச்சுத் துப்பாக்கியால சுட்டுட்டார். நல்லவேளை, உயிர் போகல.

ஏன் அந்த வருஷம்? "பறக்கும் தட்டு" என்ற சொல்லே 1947ல அமெரிக்காவுலதான் பிறந்தது. 1954 மே மாசம் வியட்நாமில் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை தோற்றுச் சரணடைஞ்சது. நவம்பர் 1ஆம் தேதி அல்ஜீரியாவில் போர் வெடிச்சது. அணுகுண்டுப் பயம் வேற. வானத்தைப் பார்த்துப் பயப்பட மக்களுக்குக் காரணம் இருந்தது. பயத்துக்குப் பேர் வைக்க ஒரு புதுச் சொல்லும் கையில இருந்தது.

மேகத்துல வந்த கப்பல்

அப்போ, அதுக்கு முன்னாடி வானத்துல யாரும் எதையும் பார்க்கலையா? பார்த்தாங்க. பேர்தான் வேற.

சுமார் 815ஆம் ஆண்டு. லியோன் நகரத்துப் பேராயர் அகோபார், ஆலங்கட்டி மழையைப் பற்றி ஒரு நூல் எழுதுறார். அன்றைய விவசாயிகள் நம்பியது இது: மகோனியா என்று ஒரு நாடு. அங்கிருந்து மேகத்துக்குள்ள கப்பல் வருது. மந்திரவாதிகள் புயலைக் கிளப்பி விட, உதிர்ந்த விளைச்சலை அந்தக் கப்பல்காரங்க வாங்கிட்டுப் போயிடுறாங்க. விளைஞ்ச கதிர் ஒரே ராத்திரியில நாசமாகும்போது யார்மேலயாவது பழி போடணும் இல்லையா?

ஒருநாள் மூணு ஆண், ஒரு பெண், நாலு பேரைச் சங்கிலியில கட்டி இழுத்துட்டு வர்றாங்க. "இவங்க அந்தக் கப்பல்ல இருந்து விழுந்தவங்க, கல்லால அடிச்சுக் கொல்லணும்." அகோபார் கூட்டத்தோட வாதாடி அந்த நாலு பேரையும் காப்பாத்தினார்.

இந்தக் கதையைத் திரும்ப வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தவர்களில் முக்கியமானவர் பிரான்ஸ்ல பிறந்த ஆய்வாளர் ழாக் வாலே. அந்தந்தக் காலத்துக்கு ஏத்த வேஷத்துலதான் இந்தக் காட்சிகள் வருதுன்னு அவர் சொன்னார். நம்ம ஊருக்கும் பொருந்துது பாருங்க. சதுப்பு நிலத்துல ராத்திரி மினுங்குற நீல வெளிச்சத்துக்கு நம்ம பாட்டிகள் வெச்ச பேர் கொள்ளிவாய்ப் பிசாசு. மக்கிய செடிகொடிகளில் இருந்து வரும் வாயு எரியுது என்பது இன்றைய விளக்கம்.

லாவெண்டர் வயலும் நோட்டுப் புத்தகமும்

1965 ஜூலை 1, விடியற்காலை. வாலான்சோல் ஊர்ல மொரிஸ் மாஸ் என்ற விவசாயி தன் லாவெண்டர் வயல்ல வேலைக்கு நிக்கிறார். ஏதோ சத்தம். போய்ப் பார்த்தா, ஒரு சின்ன கார் அளவுக்கு முட்டை வடிவப் பொருள், சிலந்தி மாதிரி கால்களோட. பக்கத்துல குள்ளமா ரெண்டு பேர். அதுல ஒருத்தர் ஒரு குழாயை நீட்டினதும் தன்னால அசைய முடியலன்னு மாஸ் சொன்னார். பொருள் பறந்து போச்சு. தரையில ஒரு குழி மட்டும் மிச்சம்.

ஹெலிகாப்டரா இருக்கலாம்னு சிலர் சொன்னாங்க. கட்டுக்கதைன்னு சிலர். ஆனா அங்க கவனிக்க வேண்டியது, ழாந்தார்ம் எனப்படும் கிராமப்புறப் போலீஸ் வந்து வயலைப் பார்த்து, அவர் சொன்னதைச் சிரிக்காம எழுதிக்கிட்டது.

அந்தப் பழக்கம் 1977ல ஓர் அலுவலகமாச்சு. பிரான்ஸின் விண்வெளி நிறுவனம் துலூஸ் நகரத்துல, அடையாளம் தெரியாத வான் காட்சிகளை ஆராய ஒரு சின்னக் குழுவைத் தொடங்கியது. முதல்ல அதன் பேர் ஜெபான், இப்போ ஜெய்பான். 1981 ஜனவரி 8ஆம் தேதி திரான் ஆன் புரோவான்ஸ் ஊர்ல ஒருத்தர், தட்டு மாதிரி ஒண்ணு தன் தோட்டத்துல இறங்கிப் போனதுன்னு சொன்னப்போ, போலீஸ் மண்ணையும் செடியையும் மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினாங்க. தடம் இருந்த இடத்துச் செடிகளில் பச்சையம் குறைஞ்சிருக்குன்னு ஒரு உயிர்வேதியியலாளர் சொன்னார். "அது வண்டி டயர் தடம்பா" என்று மறுத்தவர்களும் உண்டு. வாதம் இன்னும் முடியல.

2007ல இந்தக் கோப்புகளை இணையத்துல திறந்து விட்டாங்க. வர்ற புகார்களை நாலு வகையா பிரிக்கிறாங்க: நிச்சயமா விளக்கம் கிடைச்சது, பெரும்பாலும் கிடைச்சது, தகவல் போதல, தகவல் இருந்தும் விளங்கல. கடைசி வகை நூத்துக்கு மூணு அளவுலதான் இருக்கு. மத்ததுல வெள்ளிக் கிரகம், நிலா, விமானம், எரிகல், காகித விளக்கு, செயற்கைக்கோள் எல்லாம் வரும்.

நம்ம பக்கம் வருவோம்

வெள்ளியைப் பார்த்து ஏமாறுறது கிராமத்தான் மட்டும்னு நினைக்காதீங்க. 2012 ஆகஸ்ட்ல இருந்து 2013 பிப்ரவரி வரை லடாக் எல்லையில நம்ம ராணுவம் 329 தடவை மர்ம ஒளிகளைப் பதிவு செய்தது. சீன ட்ரோன் என்று சந்தேகம். கடைசியில இந்திய வானியற்பியல் மையத்தின் விஞ்ஞானிகள் பார்த்துச் சொன்னாங்க: ஒண்ணு வெள்ளி, இன்னொண்ணு வியாழன். மெல்லிய மலைக்காற்றுல அவ்வளவு பிரகாசம். எல்லையில இந்தத் தப்பு எதுல போய் முடிஞ்சிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. ராணுவம் ஒவ்வொண்ணையும் எழுதி வெச்சதாலதான் விஞ்ஞானிகளால பதில் சொல்ல முடிஞ்சது.

எதிர்மாறான ஒண்ணு நம்ம நாட்றம்பள்ளியில. 2016 பிப்ரவரி 6, ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்துல வெடிச் சத்தம். பேருந்து ஓட்டுநர் ஒருத்தர் இறந்தார். விண்கல் விழுந்ததுன்னு மாநில அரசே அறிவிச்சது. பூமியிலேயே நடந்த வெடிப்பு மாதிரிதான் படங்கள்ல தெரியுதுன்னு நாசா சொன்னது. இங்க ஒரு உயிர் போயிருக்கு. ஆய்வு முடியுறதுக்கு முன்னாடி பதில் வந்துடுச்சு.

இப்போ போடிநாயக்கனூருக்கு வாங்க. ஊருக்கு மேற்கே சுவர் மாதிரி ஏலமலை. இருட்டுற நேரம் மலை உச்சிக்கு மேல ஒரு பிரகாசமான வெளிச்சம் அசையாம நின்னு, மெதுவா இறங்கி, சட்டுனு மறையுது. மலைமேல எதுவோ இறங்கிட்ட மாதிரியே இருக்கும். அது வெள்ளி மறையுறது. இன்னொரு வெளிச்சம் வளைஞ்சு வளைஞ்சு ஏறுது, காணாமப் போகுது, வேற உயரத்துல மறுபடி முளைக்குது. முந்தல் தாண்டிப் போடிமெட்டு ஏறுற வண்டியோட ஹெட்லைட். மூடுபனி இருந்தா ஒரு விளக்கு பத்து மடங்கு பெருசாத் தெரியும். மலைக்குள்ள ராத்திரி முழுக்க ஏலக்காய் உலர்த்துற ஸ்டோர் விளக்கும் உண்டு. சமீப வருஷங்கள்ல ஒரே வரிசையா நகரும் புள்ளிகள் தெரிஞ்சா, அது பெரும்பாலும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள்.

இன்னொரு வெளிச்சம் இருக்கு. சரிவுல சிவப்பா, கோடு மாதிரி நகருறது. அது காட்டுத்தீ. 2018 மார்ச் 11, இதே போடி மலையில குரங்கணிப் பக்கம் மலையேறப் போனவங்க தீயில மாட்டி இருபதுக்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க. மலையில தெரியுற வெளிச்சம் என்னன்னு கேக்குறது இங்க வெறும் பொழுதுபோக்கு இல்ல.

விடியுறதுக்கு முன்னாடி ஜீப்புல ஏறி எஸ்டேட் வேலைக்குப் போற அக்காக்கள், ராத்திரிக் காவலுக்கு நிக்கிற அண்ணன்கள், இவங்க அளவுக்கு அந்த வானத்தையும் மலையையும் பார்த்தவங்க யாரும் இல்ல. ஆனா அவங்க பார்த்ததை வந்து கேட்டு எழுதிக்க, பிரான்ஸ்ல இருக்குற மாதிரி ஓர் அலுவலகம் இங்க கிடையாது. அதனால நம்மகிட்ட கதை இருக்கு, கோப்பு இல்ல. இத்தனைக்கும் 1899ல தொடங்கப்பட்டு, சூரியனைக் கவனிச்சுக்கிட்டு இருக்குற கொடைக்கானல் வானாய்வகம் பக்கத்து மலையிலதான் இருக்கு.

அடுத்த தடவை நீங்க ஏதாவது பார்த்தா, வீடியோ எடுக்குறதுக்கு முன்னாடி நாலு விஷயம் குறிச்சுக்கோங்க: மணி என்ன, எந்தத் திசை, அடிவானத்துல இருந்து எத்தனை விரற்கடை உயரம், எவ்வளவு நேரம் தெரிஞ்சது. அப்புறம் வானியல் செயலியைத் திறந்து அந்த இடத்துல கிரகம் ஏதும் இருக்கான்னு பாருங்க. சிவப்பா நகர்ந்தா, எதையும் பார்க்காம முதல்ல வனத்துறைக்குப் போன் பண்ணுங்க.

உங்க தாத்தா பாட்டி பார்த்த வெளிச்சக் கதை ஏதாவது இருந்தா, ஊர் பேரும் வருஷமும் சேர்த்துக் குரல் பதிவா அனுப்புங்க. கேட்டு, எழுதி வெக்கிறோம். அடுத்த எபிசோடுல சந்திப்போம்.